பதிவு எண் பெற்ற கார்களும் பதிவு பெறாத மனிதர்களும்

கோடைகாலத்தில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதிக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளின் எண் தகடுகளோடு லம்போகினிகளும் ஃபெராரிகளும் பென்ட்லிகளும் தெருவோரங்களில் நிற்கும். அவற்றைப் படம் பிடிப்பதற்கென்றே இளைஞர் கூட்டம் ஒன்று கமெராவோடு அலையும். அக்கூட்டத்தில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கும் இது புதிதன்று. 1980களில் வளைகுடா நாடுகளிலிருந்து ஊருக்கு வந்த கடித உறைகளைப் பிரித்தால், யாருடையதோ ஒரு காரில் சாய்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று அநேகமாக இருக்கும். அது தம்முடைய கார் என்று அனுப்பியவரும் சொல்லமாட்டார். ஊரில் எவரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள்.

அந்நிய மண்ணில் நின்று அடுத்தவர் காரைப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நம்மிடையே ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அதன் பழைய களங்களுள் ஒன்று இலங்கையின் மத்திய மலைநாட்டில், திம்புள்ளயில் இருக்கிறது. கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, நானுஓயா எனப் பரந்து கிடக்கும் தேயிலைப் பிரதேசம் அது. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் அங்கே பறிக்கப்படும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அந்த மலைப்பாதையில் காரை ஓட்டியவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர். பாதையோரம் நின்று அதைப் பார்த்தவரும் கடல் கடந்து வந்தவர். முன்னவர் ஸ்கொட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வந்து கொழும்பில் இறங்கியவர். பின்னவரின் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து மன்னாரில் கரையேறிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை.

கார் வருவதற்கு முன்பே பாதை வந்துவிட்டது. கோப்பிக் காலத்தில் மலையைக் குடைந்து வண்டிப்பாதை அமைத்தவர்கள் தமிழ்க் கூலியாட்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகள் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டு ஸ்டேஷனை அடைந்தன. கோப்பி, தேயிலை ஸ்டோர்களின் இயந்திரங்களைப் பேணுவதற்கென்று பொறியியல் நிறுவனங்களும் மலைக்கு வந்தன. இன்று இலங்கையின் பெரிய வர்த்தக நிறுவனங்களுள் ஒன்றாக இருக்கும் பிறவுண் கம்பனி 1875இல் தொடங்கப்பட்டது ஹட்டனில்தான். இலங்கைக்கு மோட்டார் கார் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1904இலேயே கார் உடைமையாளர்களுக்குக் கொழும்பில் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. சில ஆண்டுகளில் தோட்டத் துரைமாரும் குதிரையை விட்டுக் காருக்கு மாறினர்.

மலைநாட்டில் கார் ஓட்டுவது எளிதான காரியமாக இருக்கவில்லை. ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிடும். ஆங்காங்கே நிறுத்தி ஓடைத் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பிப் பயனில்லை. தாழ்ந்த கியரில் போட்டு இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தோட்டத்துக் கொண்டை வளைவுகள் சிலவற்றில் ஒரே திருப்பில் கார் திரும்பாது. ஒருமுறை பின்னெடுத்துத்தான் மேலே போகமுடியும். இவ்வளவு அரும்பாடு பட்டு வரும் வண்டியின் ஓசை பள்ளத்தாக்கின் மறுகரை வரை கேட்கும்.

ஓசை கேட்டதும் லயத்திலும் மலையிலும் நிகழ்ந்த மாற்றங்களை முதியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொழுந்து பறிக்கும் நிரையில் பேச்சு அடங்கிவிடும். கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்து கொள்வார். பாதையில் நடந்து செல்பவர்கள் கானுக்குள் இறங்கி ஒதுங்குவார்கள். துரை கடந்து போகும்வரை குடையை மடக்கிக்கொள்ள வேண்டும்; காலில் செருப்பு இருக்கக் கூடாது. இவை எழுதப்பட்ட சட்டங்கள் அல்ல. ஆனால் மீறியவர்களுக்கு அன்றைய பேர் கிடைக்காது. ஆகவே, எந்தக் கார் வருகிறது என்பதை ஓசையிலிருந்தே பிரித்தறிவது தொழிலாளிக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. துரையின் ஒஸ்டினா, டொக்டரின் வண்டியா, பக்கத்துத் தோட்டத்துக் காரா என்று சிறுவர்கள்கூட வண்டி கண்ணில் படுமுன்னரே சொல்லிவிடுவார்களாம்.

பதவிக்கேற்ற வாகனம் என்ற ஒழுங்கும் இருந்தது. சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், பெரியதுரைக்குக் கார். ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன், வொக்ஸ்ஹோல் முதலியன சாதாரணமானவை. ஹம்பர், ரோவர், ஜாகுவார் வந்தால் வருபவர் இன்னும் பெரியவர் என்று பொருள். கம்பனிகளின் சார்பில் தோட்டங்களை மேற்பார்வையிட வந்த 'விசிட்டிங் ஏஜென்ட்' என்பவரின் கார்தான் எல்லாவற்றுக்கும் மேல். அவர் வருகிறார் என்றால் கான் துப்புரவாகும், ஸ்டோருக்குச் சுண்ணாம்பு பூசப்படும், துரையே பதற்றத்தோடு வாசலில் நிற்பார். தம்மைக் கானுக்குள் இறக்கிய மனிதர் இன்னொரு காருக்கு முன்னால் கைகட்டி நிற்பதைத் தொழிலாளி பார்த்த தருணம் அது ஒன்றுதான். வார இறுதியில் ரதல்ல கிளப் மைதானத்தைச் சுற்றி இந்தக் கார்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். நுவரெலியாவில் 1876இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப் வாசலிலும் அவ்வாறே. அந்தக் கிளப்பின் கதவு இலங்கையருக்குத் திறக்கப்பட்டதோ சுதந்திரத்துக்குப் பல ஆண்டுகள் கழிந்து, 1960களில்.

கார்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு திருவிழாவும் இருந்தது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள மாகஸ்தோட்ட தோட்டத்து மலைப்பாதையில் 1934இல் மோட்டார் ஏற்றப் போட்டி தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஏப்ரல் வசந்தகாலத்தில் கொழும்பிலிருந்து கனவான்களும் சீமாட்டிகளும் மலையேறி வருவார்கள். ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே புறப்பட்டு உச்சியை எட்டும் நேரம் கணக்கிடப்படும். பின்னர் ரதல்லவிலும் அத்தகைய போட்டி நடத்தப்பட்டது. இப்போட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் ஓட்டுநர் பெயர்களையும் வண்டி வகைகளையும் பதிந்திருக்கிறார்கள். வளைவுகளுக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கிடையில் குடும்பம் குடும்பமாக நின்று பார்த்தவர்களைப் பற்றி அவர்கள் அதிகம் எழுதவில்லை.

பாதையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பாதைகள் பொதுப் பாதைகள் அல்ல, தோட்டத்தின் தனிச்சொத்து. துரையின் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம். தொழிற்சங்கத்தவர்களையும் பத்திரிகையாளர்களையும் தடுக்க இதுவே போதுமான வேலியாக இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்து கொழும்பில் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடமிட்டுத் துணிமூட்டையோடு தோட்டங்களுக்குள் சென்று நிலைமைகளைக் கண்டறிந்தார். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்தி சேகரிப்பதற்காக மூட்டை சுமந்த கதை இது. இன்றைய இதழியல் மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே வைக்கலாம். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் ஒன்றை அமைத்த அவர், 1936இல் அதே ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். துரைமாரின் கார்கள் தடையின்றி ஏறி இறங்கிய பாதையில் ஒரு மக்கள் பிரதிநிதி கால் வைப்பதற்குக்கூடப் போராட வேண்டியிருந்தது.

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்ற சிறிய கார் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்த வண்டி, பின்னர் இலங்கையின் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. அதற்குச் சில வாரங்களில், நவம்பர் 15ஆம் திகதி, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய சட்டம் அது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. தலவாக்கலையின் உறுப்பினர், மடகும்புர தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. நுவரெலியாவின் உறுப்பினர் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்துவந்த சட்டத்திருத்தத்தால் அவர்களுக்கு வாக்களித்தவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த 7 இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. பதிவின் மூலம் பிரஜையாகலாம் என்றது அது. 'பதிவுப் பிரஜை' என்ற சொல் மலையகத்தில் புழக்கத்துக்கு வந்தது அப்போதுதான். இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டிக்குள் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் ஒரு மொறிஸ் மைனரைப் பதிவுசெய்யச் சுங்கத் தாளும் கட்டணமும் போதும்; எண் கிடைத்துவிடும். அந்தக் கார் ஓடும் பாதையை வெட்டியவரின் பேரனுக்கோ அப்படி இல்லை. மணமானவராயின் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் 7 ஆண்டுகள், மணமாகாதவராயின் 10 ஆண்டுகள் இடையறாது இலங்கையில் வசித்ததை அவர் ஆவணத்தால் நிறுவ வேண்டும். இடையில் ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இல்லை. அவர் வேலை செய்ததற்கு ஆதாரமான செக்ரோல் தோட்டத்து ஒபீசில், துரையின் பூட்டுக்குள் இருந்தது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் தள்ளப்பட்ட விண்ணப்பங்களைப் பற்றி மலையகத்தில் குடும்பத்துக்கொரு கதை உண்டு.

கார்களின் எண் தகடும் வெகுகாலம் அரசியலுக்கு அப்பால் நிற்கவில்லை. அதுவரை தகடுகளில் சி.ஈ., சி.எல்., சி.என்., சி.வை., ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. இவையெல்லாம் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள எழுத்துகள் என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்வார்கள். 1957 ஜனவரி முதல் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958 ஜனவரியில் பஸ் போக்குவரத்து அரசுடைமையாக்கப்பட்டு, மார்ச்சில் 'ஸ்ரீ' தகட்டோடு பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. தெற்கில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்டது. மலையகமும் விலகி நிற்கவில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். தம் வாழ்நாளில் சொந்தமாக ஒரு வாகனம் வைத்திருக்கும் வாய்ப்பே இல்லாத மனிதர்கள், வாகனத் தகட்டிலுள்ள ஓர் எழுத்தை முன்வைத்து எழுந்த கிளர்ச்சியில் மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் நாடு தீப்பற்றி எரிந்தது. வட, கிழக்கின் வரலாற்றை எழுதும் நண்பர்கள் பொகவந்தலாவையை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வந்திருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி நெரிக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அநேகமாக அற்றே போயிற்று. உள்ள வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பதே கலையாக வளர்ந்தது. கிடைக்காத பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகள் வார்த்தும் கடைந்தும் கொடுத்தன. இந்தக் கைத்திறன் எவ்வளவு முதிர்ந்தது என்பதற்கு ஒரு சான்று: இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார்.

கார்கள் நாட்டில் நிலைத்த அதே ஆண்டுகளில் மனிதர்கள் வெளியேற்றப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலவாக்கலை, ஹட்டன் ஸ்டேஷன்களில் தண்டவாளத்தின் இருபுறமும் அழுகை எழும். போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு 'சிலோன்காரர்' என்று பெயர்.

1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பல் ஏறினர். அவர்களது கார்கள் ஹட்டன், நுவரெலியா நகரங்களின் கடைக்காரர்களிடமும் கராஜ்காரர்களிடமும் கைமாறின. துரையின் கார் ஒன்று வாடகைக் காராகி, முன்னர் கானுக்குள் ஒதுங்கி நின்றவரின் மகளைக் கலியாணத்துக்கு ஏற்றிச் சென்றதும் நடந்தது. ஆனால் பெரும்பான்மையான தொழிலாளர் தம் வாழ்வில் ஏறிய வாகனம் காரன்று, கொழுந்து லொறி. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் பாதி இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் அதுதான்; செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவரவும் அதுதான். அதற்கும் முதலில் பங்களாவுக்கு ஆள் அனுப்பி அனுமதி பெற வேண்டும். லொறிக்குள்ளேயே பிறந்த பிள்ளைகளும் உண்டு. மலையகத்தின் வாகன வரலாற்றை எழுதப் புகுபவர் ஜாகுவாரையும் ரோவரையும் விட்டாலும் விடலாம், கொழுந்து லொறியை விடமுடியாது.

1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. அதே காலத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லும் அலை எழுந்தது. பின்னர் தோட்டத்துப் பெண்களும் ஆண்களும் கட்டாருக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்கும் சாரதி வேலைக்கும் போனார்கள். கடவுச்சீட்டு எடுப்பதற்கு முதலில் பிரஜையாக இருக்க வேண்டுமே! எஞ்சியிருந்த நாடற்றவர்களின் சிக்கல் 1988இலும் முழுமையாகத் தீரவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே அது சட்டத்தளவில் முடிந்தது. இடைக்காலத்தில் வாகனத் தகட்டிலிருந்த 'ஸ்ரீ' மறைந்து வெறும் கோடாகி, 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த இடத்துக்கு ஆங்கில எழுத்துகளே திரும்பி வந்துவிட்டன. தகட்டில் இருந்த எழுத்தைத் திருத்த 43 ஆண்டுகள் சென்றன. மனிதர் பதிவைத் திருத்தி முடிக்க 55 ஆண்டுகள்.

2020இல் செலாவணி நெருக்கடி மறுபடியும் வந்தது. வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்து 1970களை நினைத்துக்கொண்டவர்கள் பலர். ரதல்ல குறுக்கு வீதி இன்று பந்தயத்தைவிட விபத்துகளாலேயே செய்தியில் அடிபடுகிறது. 2023 ஜனவரியில் கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ், ஒரு வானையும் ஓட்டோவையும் மோதியதில் 7 பேர் இறந்தனர். மாண்டவர்கள் வானிலும் ஓட்டோவிலும் இருந்த மலைநாட்டவர்கள்.

மாகஸ்தோட்டப் போட்டியில் இப்போது மிட்சுபிஷி லான்சரும் சுபாருவும் சீறுகின்றன. வளைவுகளுக்கு மேலே தோட்டத்துப் பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியால் படம் எடுக்கிறார்கள். தலவாக்கலை நகரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக ஓட்டோக்கள் நிற்கும். ஓட்டுபவர்களில் பலர் லயங்களில் பிறந்த இளைஞர்கள். தவணைக் கடனில் வாங்கிய வண்டிகள். சிலவற்றின் பின்கண்ணாடியில் லம்போகினியின் எருது ஒட்டப்பட்டிருக்கும். அடியில் மூன்று ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட தகடு. புத்தகத்தில் உடைமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் அதற்குக் கீழே அந்த இளைஞனின் பெயரும் இருக்கும்.